துண்டுக்கு அடியில் சொன்னது

ஒருவனுக்கு வலிக்கிறதா இல்லையா என்பதை அவனிடம் கேட்காமலே தெரிந்துகொள்ள மெஷின் செய்திருக்கிறார்கள். கேட்டால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாக்கு தேய்ந்துவிடுமா?

என் வலது முழங்காலை அறுத்து, உள்ளே இரும்பும் பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை கறுப்பாக, தடிமனாக ஒரு பட்டை சுற்றியிருந்தது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி வார்டின் மூலைக்குப் போயின. ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் ஓடியது, இன்னொன்றில் காற்று. தண்ணீர் காலைச் சில்லிட வைக்கும். காற்று பட்டையை உப்ப வைத்துக் காலை அமுக்கும், கொஞ்ச நேரத்தில் விடும், மறுபடி அமுக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது புஜத்தைப் பிடிக்குமே, அந்த மாதிரி. விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு விளக்கு எரிந்தது.

“இதுதான் ஐஸ் பெல்ட்டு தாத்தா,” என்றாள் நர்ஸ் ஜெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். “வீக்கம் வத்தும், வலி கொறையும். அசையாம கெடங்க.”

“எவ்வளவு ஐஸ் வேணும்னு ஆரு பாப்பாங்க?”

“அதுவே பாத்துக்கிடும். ஒங்க விரல்ல கெடக்குல்லா கிளிப்பு, அது நாடி, வேர்வை, நரம்புத் துடிப்பு எல்லாத்தையும் எடுத்து வலி எவ்வளவுன்னு கணக்குப் போடும். ரொம்ப வலின்னா விளக்கு செவப்பா எரியும். கொஞ்சம்னா மஞ்ச. ஒண்ணுமில்லன்னா பச்சை.”

“நாஞ் சொன்னா ஆகாதா?”

“நீங்க எதுக்குத் தாத்தா கஷ்டப்படணும்?”

வலிப்பது கஷ்டமில்லை, வலிக்கிறது என்று சொல்வதுதான் கஷ்டம் என்று அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வார்டு முழுவதற்கும் ஒரே மெஷின்தான். பீரோ உயரத்துக்கு மூலையில் நின்றுகொண்டு உறுமும். யாருக்கு வலி அதிகமோ அவனுக்குக் குளிரையும் அழுத்தத்தையும் கூட்டும், யாருக்குக் குறைவோ அவனுக்குக் குறைக்கும். நான் அதற்குத் தரகன் என்று பேர் வைத்தேன். தரகன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மீசை முளைத்த நாளிலிருந்து மாட்டுச் சந்தையில் நானே தரகன்.

டாக்டர் யாழினி பார்க்க வந்தபோது கேட்டேன்.

“எல்லார்த்துக்கும் ஒரே மாதிரி குடுத்தா என்னங்கம்மிணி? ஐஸ்ல என்ன கஞ்சத்தனம்?”

“கஞ்சத்தனம் இல்லைங்கய்யா. ஐஸும் மருந்து மாதிரிதான். அதிகமானா தோல் செத்துடும், நரம்பு மரத்துடும். தேவைப்படாதவங்களுக்குக் குடுத்தா காயம் ஆற லேட்டாகும். மனுஷங்க வலியைக் கூட்டியும் சொல்லுவாங்க, குறைச்சும் சொல்லுவாங்க. உடம்பு பொய் சொல்லாது.”

“நீங்க சந்தைக்கு வந்ததில்லை. ஒடம்பு சொல்ற பொய்யை வித்துத்தான் நாங்க பொழைச்சோம்.”

சிரித்தார். நல்ல பெண்தான். “மாடு வேற, மனுஷன் வேறங்கய்யா.”

“ஆமாங். மாடு வாங்க வர்றவன் மாட்டைத் தொட்டாவது பாப்பான்.”

ஜன்னலோரப் படுக்கையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மருமகனை நினைத்துக்கொண்டால் தன் விளக்கு சிவக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். குளிர் வேண்டும் என்றால் கண்ணை மூடிப் பல்லைக் கடிப்பார். விளக்கு சிவக்கும், மெஷின் உறுமும், அவர் காலுக்குக் குளிர் பாயும். உடம்பு பொய் சொல்லாதாம். அந்த மருமகன் எத்தனை பேர் பங்கு ஐஸைச் சாப்பிட்டானோ!

அப்போதுதான் எனக்கு அடுத்த படுக்கையில் மாரப்பனைக் கொண்டுவந்து போட்டார்கள், அவனுக்கும் முழங்கால் ஆபரேஷன். நாட்டில் எத்தனை ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை!

மாரப்பனும் தரகன். ஒரு கண் தெரியாத எருமையை என் சொந்த மச்சான் தலையில் கட்டியவன். அன்றிலிருந்து எங்களுக்குள் வாய்ப் பேச்சு கிடையாது. துண்டுப் பேச்சு மட்டும் உண்டு, தொழில் ஆயிற்றே. சந்தை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு விலை பேசும்போது இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு போட்டு மூடிக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஐந்துக்கு மேலே போனால் விரலை மடக்கி நெரிப்போம். விரலை எல்லாம் விட்டுவிட்டு ஒருவன் மணிக்கட்டையே இறுகப் பிடித்தான் என்றால் எண் முடிந்துவிட்டது, அதற்கு மேல் கிடையாது என்று அர்த்தம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்கு அடியில் சொன்னதை வெளியே வாயால் சொல்லக் கூடாது. பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது. சொன்னவனோடு அடுத்த வாரம் எவனும் துண்டு போடமாட்டான்.

இப்போது மாட்டின் காதில் சில்லு வைத்திருக்கிறார்கள். போனைக் காட்டினால் அதன் பாட்டன் பேர் வரை வருகிறது, விலையையும் போனே சொல்கிறது. ஆனாலும் துண்டு போகவில்லை. போனுக்குக் காது இருக்கிறது. துண்டுக்கு இல்லை. நாங்கள் எல்லாம் வாயைத் திறந்தால் பொய்தான். ஆனால் துண்டுக்கு அடியில் பொய் சொன்னவனை நான் பார்த்ததில்லை, அதுவும் ஒழுக்கத்தால் இல்லை. அங்கே பொய் சொன்னால் மாடு கையில் நின்றுவிடும்.

மாரப்பனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் மாரியம்மன் கோயில் குண்டத்தில், நெருப்புக் கங்கு மேல், முதல் ஆளாக இறங்குகிற உரிமை அவன் குடும்பத்துக்கு. முதலில் இறங்குகிறவன் முகம் சுளிக்கக் கூடாது, வலி என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆத்தா அவனை விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். உரிமை பங்காளிக்குப் போகும். அந்தப் பங்காளி செங்கோடன். அவன்தான் மாரப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன், கையெழுத்துப் போட்டவன். தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வருவான். வந்ததும் மாரப்பன் முகத்தைப் பார்க்கமாட்டான், விளக்கைப் பார்ப்பான்.

விளக்கு பச்சை. எப்போது பார்த்தாலும் பச்சை.

“ஆத்தா பக்கத்துலயே இருக்கறா போலிருக்குது,” என்பான் செங்கோடன், ஏதோ பறிகொடுத்தவன் மாதிரி.

“இருப்பா,” என்பான் மாரப்பன்.

செங்கோடன் போன பிறகு மாரப்பன் தோள் துண்டை வாயில் திணித்துக் கடிப்பான். கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பான். மூச்சு மட்டும் அளந்து அளந்து வரும். கங்கின் மேல் நடக்கிறவனுக்கு அந்த மூச்சுப் பழக்கம். விளக்கு அப்போதும் பச்சைதான். பச்சை என்பதால் மூலையில் நின்ற மெஷின் தரகன் அவனுக்குக் குளிரைக் குறைத்தான், அழுத்தத்தைக் குறைத்தான். குறைக்கக் குறைக்கப் போர்வைக்கு வெளியே தெரிந்த அவன் பாதம் பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. நிறமும் சரியில்லை. ஒரு காலையில் பாதத்தை ஆட்டச் சொன்னபோது பெருவிரல் மேலே வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பையன் விளக்கைப் பார்த்தான், பச்சை, போய்விட்டான்.

டாக்டர் வந்ததும் நான் சொன்னேன். “அம்மிணி, அந்தக் காலைக் கொஞ்சம் பாருங்க. மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு.”

டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. “ஐயா, வலி இருக்கா?”

“இல்லைங்க,” என்றான் மாரப்பன்.

“கொஞ்சங்கூட?”

“ஆத்தா பாத்துக்கறா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “யோவ், நேத்துப் பூரா துண்டைக் கடிச்சுட்டுக் கெடந்தயே, அது என்ன முறுக்கா?”

எருமைக்குப் பிறகு நான் அவனிடம் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

டாக்டர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “அவரு இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாரு. அந்த மாத்திரைல நாடி ஏறாது. அதையும் மெஷின் கணக்குல எடுத்துக்கும்.”

“எடுத்துக்குமா?”

“எடுத்துக்கும்னுதான் கம்பெனி சொல்லுது.”

“அந்த வீக்கம்?”

“வீக்கம் எல்லாருக்கும் இருக்கும். எது உள்ள நரம்பை நெருக்குதுன்னு வலிதான் காட்டிக் குடுக்கும்.”

“நெருக்கினா என்னாகும்?”

“பாதம் தொங்கிப் போகலாம். ரத்தம் கட்டுச்சுன்னா காலே…” நிறுத்திக்கொண்டார். “அதனாலதான் கேட்டுட்டே இருக்கேன். வலிக்குதுன்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மெஷினை மீறி நானே ஐஸை ஏத்திடலாம். குரல் பதிவாகும், சேர்த்தவங்க போனுக்கு ஒரு தகவல் போகும். அவ்வளவுதான்.”

“சொல்லாட்டி?”

“பச்சை விளக்கு எரியும்போது மீற எனக்கு அனுமதி இல்லைங்கய்யா. மீறி ஏதாவது ஆனா என்னைத்தான் கேப்பாங்க.”

படித்து, வெள்ளைக் கோட்டுப் போட்டு, கடைசியில் ஒரு விளக்குக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. தகவல் போகிற போனோ செங்கோடன் சட்டைப்பையில் இருக்கிறது. அது மாரப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டருக்குச் சொன்னால் சிரிப்பார்.

அவர் போன பிறகு என் துண்டை எடுத்து இரண்டு படுக்கைக்கும் நடுவில் நீட்டினேன்.

“கையைக் குடு.”

“எதுக்கு?”

“மாடு வாங்கறதுக்கு.”

மாரப்பன் விளக்கைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு கை துண்டுக்குள் வந்தது. ஐஸ் மாதிரி இருந்தது, ஐஸ் வர வேண்டிய கால் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு விரலைப் பிடித்தேன். இவ்வளவா என்று அர்த்தம்.

அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுதமாட்டேன். துண்டுக்கு அடியில் சொன்னது. கையை வெளியே எடுத்தபோது அவன் விளக்கு பச்சையாக இருந்தது, என் விளக்கு சிவப்பாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

ஜெனிட்டா ஓடிவந்தாள். “என்ன தாத்தா, ஒங்களுக்கு இப்படி ஏறுது? அந்தத் தாத்தா கையைப் புடிச்சு என்ன பேசினிய?”

“வெலை பேசினோம்.”

“சொல்லுங்க தாத்தா. டாக்டர்கிட்டச் சொல்லலாம்.”

“சொல்லக் கூடாது அம்மிணி. சொன்னாலும் என் வாய் செல்லாது. அவன் வாய்தான் வேணுமாமா.”

கொஞ்ச நேரத்தில் மாரப்பன் பெண்டாட்டி பழனாத்தாள் சோற்றுப் போசியோடு வந்தாள். எங்கள் சண்டையை அவள் என்றைக்கும் மதித்ததில்லை. வந்ததும் துண்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்ணா சொன்னாரு?”

“சொல்லக் கூடாதாத்தா.”

“சொல்லாட்டிப் போங்க. ஒங்க மூஞ்சியே சொல்லுது.” போசியை நங்கென்று வைத்தாள். “காலு போனாலும் பரவால்லை, முதல் குண்டம் போயிரக் கூடாதுங்கறாரு. காலில்லாம எதுல எறங்குவாராமா, மூஞ்சியிலயா?”

“நீ பேசாம இரு,” என்றான் மாரப்பன்.

“நீங்கதான் பேசாம இருக்கறீங்களே, அது பத்தாதா?”

சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விலை முடிந்துவிட்டால், மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். பிடிக்கவில்லை என்று கயிற்றைப் போட்டுவிட்டு நடக்க முடியாது. நான் ஏன் கையை விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு குழாய்களைப் பார்த்தேன். மெஷின் விரலில் இருக்கிற கிளிப்பைத்தான் பார்க்கிறது. பட்டை யார் காலில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய மனிதர்களும் போர்வையைத் தூக்கிப் பார்க்கிற வேலையை மெஷினிடம் விட்டுவிட்டார்கள்.

“ஆத்தா, நர்சுங்க சாப்பிடப் போவாங்க. அப்ப என் பெல்ட்டைக் கழட்டி இவன் கால்ல போடு. இவன் பெல்ட்டை எனக்குப் போடு. கிளிப்பைத் தொடாத.”

பழனாத்தாளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாரப்பன்தான் முறைத்தான்.

“எனக்கு வேண்டாம்.”

“உன்னை ஆரு கேட்டா? எருமைக்குக் கண்ணு தெரியாதுன்னு என் மச்சாங்கிட்டச் சொன்னயா? அன்னிக்கு மாதிரியே வாயை மூடிட்டுக் கெட.”

பட்டையைப் பிரிக்கும்போது பர்ர் என்று சத்தம் வரும். தலைமையாசிரியர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி, “டேய் சுரேந்திரா, வீட்டை எழுதி வாங்கினயேடா!” என்று வார்டே அதிரக் கத்தினார். சத்தம் அதில் அமுங்கிப்போயிற்று. அந்த மருமகன் ஒரு நல்ல காரியத்துக்கு உதவினான் என்றால் அது அன்றைக்குத்தான்.

குழாய்கள் இரண்டு படுக்கைக்கும் நடுவில் குறுக்கே போயின. அதன் மேல் பழனாத்தாள் போர்வையைச் சரித்துவிட்டாள். என் கிளிப் என் விரலில் இருந்தது. என் காலில் இப்போது பச்சை விளக்குக்காரனின் பட்டை, பேருக்கு ஈரமாக, பேருக்கு அமுக்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முட்டிக்குள் யாரோ உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தான். வலி ஏறியது. ஏறியதும் தரகன் என் விளக்கைச் சிவப்பாக்கி, உறுமி, எனக்கென்று குளிரை அனுப்பினான். அது மாரப்பன் காலுக்குப் போயிற்று. எனக்கு எவ்வளவு வலித்ததோ அவ்வளவு அவன் காலுக்குக் குளிர்ந்தது. இந்த மாதிரி ஒரு வியாபாரத்தை எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை.

இதைப் பெரிய மனது, பாசம் என்று எவனாவது சொன்னால் கைத்தடியால் அடிப்பேன். ஒரு முட்டாள் ஒரு பொய்யனுக்கு ஐஸ் கொடுத்தான், அவ்வளவுதான்.

காலையில் பயிற்சிக்கு ஆள் வருவதற்கு முன்னால் பழனாத்தாள் வந்து பட்டைகளை மாற்றிவிடுவாள். அவன் போனதும் மறுபடி மாற்றுவாள். மாரப்பனின் பாதம் வற்றத் தொடங்கியது. ஒரு நாள் பெருவிரல் மேலே வந்தது. அதைப் பார்த்து அவள் அழுதாள். அவன் அழவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. “இவன் குறட்டைல தூங்க முடியலை,” என்று நர்சிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னான்.

என் முட்டி கல்லாகிவிட்டது. மடக்கச் சொன்னால் பாதியிலே நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. டாக்டர் யாழினி கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையைப் பார்த்துப் பார்த்துக் குழம்பினார்.

“வார்டுலயே உங்களுக்குத்தான் அதிகமா ஐஸ் போயிருக்குங்கய்யா. வீக்கம் வத்தவே மாட்டேங்குது. பயிற்சி ஒழுங்கா பண்றீங்களா?”

“பண்றனுங்.”

“மனசுல ஏதாவது கவலை வெச்சிருக்கீங்களா?”

“பக்கத்துப் படுக்கையில இருக்குது.”

வீட்டுக்கு அனுப்பினார்கள். மாரப்பன் நடந்து போனான். நான் தடி ஊன்றிப் போனேன். இன்றைக்கும் அந்தத் தடிதான். கக்கூசுக்கு உயரமான நாற்காலி, பஸ்ஸில் காலை நீட்டிக்கொள்ள ஓரத்து சீட்டு, இப்படியே மிச்ச ஆயுசு.

பல மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஆண்டு விழா என்று கூப்பிட்டார்கள். அன்றைக்கு மாரப்பன்தான் மாப்பிள்ளை. அவனைப் பெருமைப்படுத்துகிறார்கள் என்று சந்தையே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் செங்கோடன், கோயில் ஆட்களோடு. வாசலில் டாக்டர் யாழினி என்னைப் பார்த்து ஓடிவந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“மாரப்பன் ஐயா கேஸ்தான் எங்க கண்ணைத் திறந்துச்சு. ஐஸே கிட்டத்தட்ட இல்லாம அவருதான் வார்டுலயே நல்லா குணமானவரு. மெஷின் சொன்னது சரிதான்னு ஆயிடுச்சு. பச்சை விளக்குக்காரங்களுக்கு இனி ஐஸையே நிறுத்திடலாம்னு எல்லாக் கிளைக்கும் உத்தரவு போயிருக்கு.”

“பச்சையா எரிஞ்சா ஐஸே கெடையாதா?”

“வாயால கேட்டா உண்டு. கேக்காதவங்களுக்குத் தேவையில்லைன்னுதானே அர்த்தம்?”

 இதய மாத்திரை சாப்பிடுகிறவன் எத்தனை பேர்! வாயைத் திறந்து கேட்க வெட்கப்படுகிறவன் எத்தனை பேர்! என் ஒரு முட்டியைக் கொடுத்து ஊரான் முட்டியை எல்லாம் கெடுத்துவிட்டு நிற்கிறேன். நான் சொல்லலாம் என்றால் துண்டு வாயை அடைக்கிறது. மேடை ஓரத்தில் மாரப்பனைப் பிடித்தேன்.

“கேட்டயா? உன் காலைக் காட்டி ஊரு காலை எடுக்கப் போறாங்க. ஏறிச் சொல்லு.”

“செங்கோடன் முன்னால உக்காந்திருக்கான்.”

“உக்காரட்டும்.”

“மூணு தலைமுறை நாச்சி.”

பேர் சொல்லி அழைக்கிறான், பேச்சை மாற்ற. நாச்சிமுத்து என்கிற முழுப் பேரை அவன் என்றைக்கும் சொன்னதில்லை. “உன் தலைமுறையை ஆத்துல போடு,” என்றேன். அவன் மேடை ஏறினான். அவ்வளவுதான், பொய்யன் பொய்யனாகவே சாகப் போகிறான் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு பெண் மைக்கை நீட்டினாள். “ஐயா, எல்லாரும் தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்க. ஆபரேஷனுக்கப்புறம் வலி எப்படிங்க இருந்துச்சு?”

மாரப்பன் முன்வரிசையைப் பார்த்தான்.  தோளில் கிடந்த துண்டை எடுத்தான். மடித்தான். நாற்காலியில் வைத்தான். துண்டில்லாத வெறும் கையை முன்னால் நீட்டி, வலது கையால் தன் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

“பாருங்க, பாருங்க!” என்றாள் மைக் பெண். “கையைக் கட்டிட்டு எவ்வளவு அடக்கமா நிக்கறாரு! வலியே இல்லைன்னு சொல்லாம சொல்றாரு!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. போட்டோக்காரர்கள் ஓடினார்கள். டாக்டர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சந்தைக்காரன் ஒருவன்கூடத் தட்டவில்லை. செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் மாடு விற்கிறவன்தான். மணிக்கட்டு என்றால் எண்ணுக்கு அடங்காதது என்று அவனுக்கும் தெரியும்.

துண்டை அவனே எடுத்துவிட்டான். இனி நானும் சொல்லலாம். அன்றைக்குப் படுக்கையில் நான் ஒரு விரலைப் பிடித்ததுமே அவன் என் விரலை உதறிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் இறங்கும்படி பிடித்தான். விடவேயில்லை, நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

விழா முடிந்ததும் டாக்டர் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை மாற்றியதை, கிளிப்பை, பழனாத்தாளை, ஒன்றுவிடாமல். பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“உங்க பெல்ட்டு உங்க படுக்கையிலதான் இருந்ததா பதிவுல இருக்குங்கய்யா.”

“பதிவு போர்வையைத் தூக்கிப் பாத்துச்சா?”

பலகையைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பரிவாகத் தொட்டார். “உங்களுக்கும் அவருக்கும் ரொம்ப நாளா ஆகாதுன்னு சொன்னாங்க. உங்க கால் சரியா வரலை, அவருக்கு நல்லாயிடுச்சு. கோபம் இருக்கத்தான் செய்யும். எனக்குப் புரியுதுங்கய்யா.”

புரிந்துவிட்டதாம். தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வருஷம் முதல் குண்டத்தை மாரப்பனே செங்கோடனுக்கு விட்டுக்கொடுத்தான். ஏன் என்று ஊரில் ஒருவன்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனும் நானும் இன்றைக்கும் பேசுவதில்லை. எருமை எருமைதான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த மேடைப் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி எல்லா வார்டிலும் மாட்டிவிட்டார்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாரப்பன் நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில் ‘எனக்கு வலி இல்லை’.

போன வாரம் ஜெனிட்டா போன் செய்தாள். என் முட்டியை விசாரித்துவிட்டு, “ஒரு விஷயம் கேக்கணும் தாத்தா,” என்றாள். “ஒங்க ஊருப் பக்கத்து ஆளுவ மட்டும் ஏன் இப்படி இருக்காவ? விளக்கு பச்சையா எரியுது, ஆனா படுத்த ஒடனே ‘வலிக்குது, ஐஸைப் போடு’ன்னு ஒரே கூப்பாடு. வாயால கேட்டா குடுத்துதானே ஆகணும். வேற ஊர்க்காரங்க யாரும் இப்படி இல்ல.”

“செவுத்துல இருக்கற படத்தைப் பாத்திருப்பாங்க அம்மிணி.”

“அதுல வலி இல்லன்னுதானே தாத்தா எழுதிப் போட்டிருக்கு?”

“அவங்களுக்கெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாது,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.